இரண்டு முழம் தள்ளி நட்ட தென்னை

மக்கா,

உன் கல்யாணத்தன்று அம்மா சிலுவை கோத்த ஒரு பழைய பொன் குருசு மாலையை எடுத்து, உன் மனைவியாகும் அந்தப் பிள்ளையின் கழுத்தில் போட வந்தால், அது எந்த மாலை என்று உனக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீ விட்டுப்போன மெட்டல் டிடெக்டரை இயக்குவதற்குப் போன மாதம் நான்கு நாள் வீடியோ காலில் எனக்குச் சொல்லித் தந்தாய். என் மோதிரம் முற்றத்தில் தொலைந்துவிட்டது, அதைத் தேடுகிறேன் என்றேன். என் மோதிரம் தொலையவில்லை. அந்த நான்கு நாளும் விரலில்தான் இருந்தது. அந்தக் கை கேமராவில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

இதை உனக்கு முதலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஊரும் வாசிக்கட்டும். முப்பத்து நான்கு வருடம் மாவட்டச் செய்தி எழுதியவன் நான். தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில்தான் திருத்தமும் வரவேண்டும், உள்ளே எங்கேயோ மூலையில் ஒளிக்கக் கூடாது என்று என்னோடு வேலை செய்த பையன்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் தவறு ஊர் முன்னால் சத்தமாக வாசிக்கப்பட்டது. அதன் திருத்தம் மட்டும் எப்படி மூடிய உறையில் போகும்?

கோயிலில் உனக்கு முதன்முதலாக நற்கருணை தந்த நாளை, உன் புதுநன்மை நாளை, நினைத்துப் பார். உனக்கு ஒன்பது வயது. காலை எட்டரை மணிக்கு அம்மா உன்னைத் துவைகல்லின் மேல் நிறுத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அவளுடைய அம்மா உன் கழுத்தில் போட்டுவிட்ட குருசு மாலை நனையாமலிருக்க, அதைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற மரத்தூணில் ஓர் ஆணியில் மாட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டாள். ஐந்தடி தள்ளி உட்கார்ந்து விருந்துக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள் லூர்தம்மாள். நம் வீட்டிலிருந்து நான்காவது வீடு. கணவனைக் கடலில் இழந்தவள், விருந்து வீடுகளுக்கு மீன் ஆயப் போய்ப் பிழைத்தவள். அவள் மகள் ஷீபாவுக்கும் அன்றைக்குத்தான் புதுநன்மை. பத்தரை மணிப் பூசைக்கு மகளை உடுத்தி அழைத்துப் போகவேண்டும் என்று பத்து மணிக்கு எழுந்து போய்விட்டாள். பத்தேகால் மணிக்கு அம்மா மாலையைத் தேடினாள். மதிலோரம் கிடந்த தூணில் நாலைந்து ஆணிகள் இருந்தன. ஒன்றிலும் மாலை இல்லை.

நம் ஊரில் பொருள் காணாமல் போனால் யாரும் போலீசுக்குப் போகமாட்டார்கள். தெருமுனைக் குருசடிக்கு அழைத்துப்போய், சிலுவையின் அடியில் கைவைத்துச் சத்தியம் பண்ணு என்பார்கள். பண்ணினால் விட்டுவிட வேண்டும், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது. நூறில் தொண்ணூற்றொன்பது பேர் பண்ணிவிட்டுப் போவார்கள். எடுத்தவனும் பண்ணுவான். லூர்தம்மாள் பண்ணவில்லை. மகள் வெள்ளைக் கவுனோடும் கையில் மெழுகுதிரியோடும் பக்கத்தில் நிற்க, அவள் சொன்னாள்: “வேலைக்கு வந்த எடத்துல இண்ணைக்கு ஒரு பவுனுக்குச் சத்தியம் பண்ணுனா, நாளைக்கு ஒரு கரண்டிக்கும் பண்ணச் சொல்லுவிய. எனக்க வாய நம்பினா நம்புங்க. ஆண்டவர இதுக்குள்ள இழுக்கமாட்டேன்.” ஊர் அதைக் குற்றத்தை ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டது. நானும்தான்.

ஊர்க் கமிட்டிக்குக் கொடுத்த மனுவில் கையெழுத்து உன் அம்மாவுடையது, வாசகம் என்னுடையது. ஆறு வரி. காலை ஆறு மணிக்கு அவர் வேலைக்கு வந்தார். எட்டரை மணிக்கு மாலை தூணில் மாட்டப்பட்டது. அவர் அமர்ந்திருந்த இடம் தூணிலிருந்து ஐந்தடி. வேலை முடியும் முன்பே, பத்து மணிக்கு, அவர் போய்விட்டார். பத்தேகால் மணிக்கு மாலை இல்லை. கேட்டபோது சத்தியம் செய்ய மறுத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் இறங்கும்போது, குருசடிப் படியில் நின்று நானே வாசித்தேன். அவற்றில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. வேலை முடியும் முன்பே ஏன் போனாள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எழுதாமல் விட்டேன். சத்தியம் செய்யாததற்கு அவள் சொன்ன காரணம் நீளமாக இருந்தது, வெட்டினேன். இன்னொரு வரியும் விட்டுப்போயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவளை எந்த வீட்டிலும் மீன் ஆயக் கூப்பிடவில்லை. ஷீபா நம் வீட்டுக்கு வருவது நின்றது. நீ ஒருநாள் கேட்டாய்: “அப்பா, ஷீபா ஏன் நம்ம வீட்டுக்கு வரமாட்டேங்கா?” நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். நீ இரண்டாம் தடவை கேட்கவில்லை. மறு வருடம் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு புதுக்கடைப் பக்கம் சொந்தக்காரர்களிடம் போய்விட்டார்கள்.

ஆனால் அவர்கள் போவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்றா, தோன்றியது என்றா எழுதுவது என்று இந்த வரியில் வெகுநேரம் நின்றேன். தெரிந்திருந்தது. புதுநன்மை முடிந்து மூன்று மாதம், ஐப்பசி மழையில் முற்றத்து மணல் ஓர் இடத்தில் மட்டும் உள்வாங்கியது. தூண் நின்ற இடம். அதைப் பார்த்ததும் எனக்கு அன்றைய காலை முழுதாகத் திரும்பி வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அங்கே நின்றேன். மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: “என்ன அண்ணே, தென்ன வைக்கப் போறியளோ?” ஆமாம் என்றேன். அப்படிச் சொன்ன பிறகு ஒரு தென்னம்பிள்ளை வாங்கி நடவேண்டியதாயிற்று. உள்வாங்கிய இடத்தில் நடவில்லை. இரண்டு முழம் தள்ளி நட்டேன். அந்தத் தென்னைக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அதன் கருக்கை வெட்டி நீ எத்தனையோ முறை இளநீர் குடித்திருக்கிறாய்.

அந்த நாளில் தோண்டியிருந்தால் ஒரு மணி நேர வெட்கத்தோடு போயிருக்கும். மறுநாள் என்றால், நேற்று ஏன் தோண்டவில்லை என்ற கேள்வி வரும். மறு வருடம் என்றால், போன வருடம் ஏன் இல்லை. இப்படியே கதவு ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் சாத்திக்கொண்டு போயிற்று. நானோ மற்றவர்களின் தவறுகளைப் பெயரோடும் வயதோடும் எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் நீ இன்டர்லாக் கல்லுக்கு ஏற்பாடு செய்தாய். கல்யாண வீட்டு முற்றம் மணலாகக் கிடக்க வேண்டாம் என்று மஸ்கட்டிலிருந்தே ஆள் பிடித்துக் கொடுத்தாய். அந்த ஆள் வந்து அளந்தபோது, அடியில் சிமென்ட் கலவை போட்டு இறுக்கித்தான் கல் பதிப்போம், இனி ஐம்பது வருடத்துக்குப் புல்கூட முளைக்காது என்றார். மறுநாள் காலை பரணில் இருந்த உன் பெட்டியை இறக்கினேன்.

பெட்டியில் மூன்று காயில்கள் இருந்தன. ஊர்க்காரர்களும் வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். காயில் என்பது கருவியின் அடியில் தட்டுப்போல இருப்பது, மண்ணைக் கேட்கும் காது. முதல் நாள் வட்டக் காயிலை மாட்டினேன். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் சுற்றிய வகை. அதன் பார்வை மண்ணுக்குள் கூம்புபோல இறங்குகிறது, மேலே அகலம், அடியில் ஒரு புள்ளி. ஆகவே ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின்மேல் பாதிக்கு மேல் ஏறிப் போகவேண்டும், இல்லாவிட்டால் ஆழத்தில் பார்க்காத இடுக்குகள் மிஞ்சும் என்றாய். நம் முற்றத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இது கடற்கரைக் கருமணல், இரும்புத் தாது கலந்தது. காயில் தரைக்குப் பக்கத்தில் போனதும் அலற ஆரம்பித்தது. எந்த இடத்தில் வைத்தாலும் ஒரே அலறல். “அப்பா, அது மண்ணத்தான் கேக்குது. அத கழத்துங்க, டபுள் டி போடுங்க” என்றாய்.

இரண்டாம் நாள் டபுள் டி. இரண்டு அரைவட்டச் சுருள்கள், நடுவில் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். அதன் பார்வை கூம்பு அல்ல, முன்னிருந்து பின்வரை நீண்ட கத்தி அலகு. ஒரு வீச்சில் ஒரு பட்டை முழுவதையும் ஆழம்வரை ஒரே அகலத்தில் அறுத்துக்கொண்டு போகும். மண்ணின் கூச்சலும் அதற்குக் குறைவாகத்தான் கேட்கும். நீ மாட்டச் சொன்னது பதினைந்து அங்குலக் காயில். பெரிய காயிலுக்கு ஆழமும் அதிகம், அது மூடும் பரப்பும் அதிகம். ஒரே காலையில் முற்றம் முழுக்க முடிந்தது. எங்கே இருக்கும் என்று தெரிந்தவன், எதிர் மூலையிலிருந்து தொடங்கினேன். ஒரு கதவுக் கீல், ஒரு அலுமினிய மூடி, கிண்ணம் நிறைய சோடா மூடிகள். கடைசியில் தூண் இருந்த இடத்துக்கு வந்தேன். கருவி இரும்பு என்றது. எனக்கு உண்டான நிம்மதியைச் சொன்னால் நீ என்னை மன்னிக்க மாட்டாய். இரும்புதான், வேறொன்றும் இல்லை என்று இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு இயந்திரமே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

மறுநாள் அதை உன்னிடம் சொன்னேன், தேடி முடித்துவிட்டேன் என்ற குரலில். நீ அப்பாவியாகச் சொன்னாய்: “இரும்புன்னு சொன்ன எடத்த விட்டுராதீங்கப்பா. பெரிய காயில் பக்கத்துல பக்கத்துல கெடக்குற ரெண்டு சாமான ஒண்ணாத்தான் கேக்கும். ஆணிக்குப் பக்கத்துல மோதிரம் கெடந்தா ஆணின்னு சொல்லிட்டுப் போயிரும். சின்னத மாட்டுங்க. மேல ஒரு சாண் மணல வழிச்சிட்டு, உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமா போங்க. திரும்பி நின்னும் ஒருதடவ வீசுங்க.” சின்னக் காயில் ஆறு அங்குலம். அது ஆழம் போகாது, ஒரு முற்றத்தை முடிக்க ஒரு வாரம் ஆகும். ஆனால் அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டை இரண்டாகப் பிரித்துக் கேட்கும். நான் முப்பத்து நான்கு வருடம் பெரிய காயில்தான் பிடித்திருந்தேன் என்று அப்போது தோன்றியது. ஒரு மாவட்டத்தையே ஒரு காலையில் மூடிவிடுவேன்.

மூன்றாம் நாள் முழுக்க மணலை வழித்தேன். நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு, வடக்கு தெற்காக வீசியபோது இரும்பின் முரட்டுச் சத்தம். கிழக்கு மேற்காகத் திரும்பி வீசினேன். இரும்புக்குப் பக்கத்தில் மெல்லிய, கரகரப்பில்லாத ஒரு சத்தம், தயங்கித் தயங்கி. கையால் தோண்டினேன். துருப்பிடித்து உருளையாகிப்போன ஓர் ஆணி. அதற்கு நான்கு விரல் தள்ளிக் குருசு, மாலையோடு. மெல்லிய சங்கிலியை இந்தக் கருவி சங்கிலியாகக் கேட்பதில்லை, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத்தான் கேட்கும், அதனால் பெரும்பாலும் கேட்காமலே போய்விடும் என்று பிறகு நீ வேறு எதற்கோ சொன்னாய். நான் கேட்டது குருசைத்தான். பொன் துருப்பிடிக்கவில்லை. கழுவியதும் அன்று மாட்டியதுபோலவே இருந்தது.

அம்மா துவைகல்லில் உட்கார்ந்து அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கித் தென்னையைப் பார்த்தாள். அவளுக்கு எதையும் விளக்கவேண்டி வந்ததில்லை.

“அப்போ இதுக்குத்தான் தென்னைய இத்தன தள்ளி வெச்சிய.”

நான் கையிலிருந்த மணலைத் தட்டினேன்.

“நான் தெரியாம ஒருத்திய கள்ளின்னு சொன்னேன். நீங்க தெரிஞ்சிட்டு என்னய சொல்ல விட்டிய.” அதற்குப் பிறகு அழுதாள். அழுது முடித்தபோது அவள் வேறு முடிவுக்கு வந்திருந்தாள். “நிச்சயம் கழிஞ்சாச்சு. இனி இத வெளிய எடுத்தா பொண்ணு வீட்டுக்காரரு என்ன நெனப்பாரு? இப்பிடிப்பட்ட வீட்லயா பிள்ளையக் குடுக்கோம்னு நெனப்பாரு. தட்டான்ட்ட குடுத்து மினுக்கி அந்தப் பிள்ளைக்க கழுத்துல போடுவோம். பொன்னு பொன்னுதான். அந்தக் குழிய மூடுங்க.”

குழியை மூடினேன். மாலையை ஒரு பழைய பிலிம் ரோல் டப்பாவில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். மூன்று வாரம் அந்த மேசையைத் தாண்டிப் போகமுடியவில்லை. சொன்னால் உன் கல்யாணம் நின்றுபோகலாம். சொல்லாவிட்டால் உன் மனைவியின் கழுத்தில் அது. கல்காரர் தினமும் போன் செய்தார். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குளச்சல் போய், கருங்கல் வழியாகப் புதுக்கடைக்குப் பஸ் ஏறினேன். மீன்சந்தையின் ஓரத்தில், வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. முன்பெல்லாம் என்னை அண்ணே என்பாள்.

“ஆரு, சாரா? வழி தெத்திப்போச்சா? மோனுக்குக் கல்யாணம்னு கேட்டேன். நெய்மீனு வேணுமோ?”

டப்பாவைத் திறந்து நீட்டினேன். எட்டிப் பார்த்தாள். தொடவில்லை. கை முழுக்கச் செதில்.

“நான் தொட்டா பெறவு ரெண்டு கண்ணி கொறஞ்சு போச்சுன்னு சொல்லுவிய. எங்கன கெடந்து?”

“முற்றத்திலதான். தூண் நின்ன இடத்தில.”

“எத்தன நாளு தேடுனிய?”

“நாலு நாள்.”

அவள் பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள். “கேட்டியாட்டி? நாலு நாளு. இருவத்திரெண்டு வருசத்துல சாருக்கு நாலு நாளு ஒழிஞ்சிருக்கு.” அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். லூர்தம்மாள் சிரிக்கவில்லை.

நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். அது எத்தனை கேவலமான கேள்வி என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

“காசு கீசு எடுத்தியன்னா இந்த மீந்தண்ணிய மூஞ்சில ஊத்துவேன்” என்றாள். ஓர் அயலையின் தலையை நறுக்கி ஒதுக்கினாள். “அண்ணைக்கு ஆறு வரி வாசிச்சியல்லா. எனக்கு எழுத்து தெரியாது. ஆனா அந்த ஆறும் எனக்க மண்டைல அப்பிடியே கெடக்கு. கடைசி வரி என்ன? ‘கேட்டபோது சத்தியம் செய்ய மறுத்துவிட்டார்.’ எனக்க மோளு அந்த வரிய ஒறக்கத்துல சொல்லுவா.” கத்தியில் ஒட்டியிருந்த செதிலை வழித்துப் போட்டாள். “வாசிச்ச எடத்துல வாசியுங்க. கோயில் விட்டு ஆளுவ எறங்கும்போ. குருசடில கைய வெச்சிட்டு.”

“எதை வாசிக்க?”

“எழுத்துக்காரரு நீங்கதானே? எனக்கு மீனு வெட்டத்தான் தெரியும்.”

அடுத்த ஆள் சாளை மீன் பையை நீட்டினார். நான் எழுந்துவிட்டேன்.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் கல்யாணத்துக்கு இரண்டாம் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. பூசை முடிந்ததும் நான் குருசடிப் படியில் நிற்பேன். பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள் இரண்டு பேராவது கூட்டத்தில் இருப்பார்கள். அதனால் நீ முதலில் தெரிந்துகொள். அந்தப் பிள்ளைக்கும் நீயே சொல், இன்றைக்கே. நான் சொல்லி அவள் கேட்கக்கூடாது, ஊர் சொல்லியும் கேட்கக்கூடாது. சொல்லும்போது என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தையும் வெட்டாதே. ஒரே வீட்டில் இருக்கப்போகிற இரண்டு பேருக்குள் ஏதாவது நடந்து, என்ன நடந்தது என்று ஒருவர் சொல்ல நேர்ந்தால், தன் கை எங்கே இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அது இல்லாவிட்டால் சரியில்லை. என்னிடமிருந்து கல்யாணத்துக்கு உனக்குத் தர இதைவிட வேறு ஒன்றும் தேறவில்லை.

நான் விடுபட்டுவிட்டேன் என்று நினைக்காதே. இன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்தேன். டப்பா இல்லை. அம்மாவிடம் கேட்டேன். “என்ன டப்பா?” என்றாள். அடுக்களையில் அரிசி அளந்துகொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. மாலை தட்டானிடம் இருக்கலாம், அரிசிப் பானைக்குள் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கையில் காட்ட ஒன்றும் இல்லாமல்தான் நிற்பேன். கூட்டத்தில் யாராவது, எங்கே அந்த மாலை என்று கேட்டால், என்னை நம்புவதற்கு என் வாய் மட்டும்தான் இருக்கும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கும் அது மட்டும்தான் இருந்தது. அம்மா மேல் கோபப்படாதே. அவள் இந்த வீட்டைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் பிடித்து நின்றதும் இதைத்தான். லூர்தம்மாள் வருவாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

அந்த மனுவின் கார்பன் நகல் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அதே தாளில், ஆறாவது வரிக்குள் அவள் சொன்ன காரணத்தை முழுதாக எழுதிச் சேர்த்துவிட்டேன். அதற்குக் கீழே, அன்று விட்டுப்போன வரி. நான் வாசிப்பதற்கு முன்னால் நீ வாசித்துவிடு.

ஏழு: அன்று காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, பந்தலுக்கு இடைஞ்சலாக இருந்த அந்தத் தூணைப் பிடுங்கச் சொன்னதும், அதன்மேல் கிடந்த துண்டை எடுத்துக் கொடியில் எறிந்ததும், குழியைப் பார்க்காமல் இரண்டு சாக்கு மணலைக் கொட்டி மூடச் சொன்னதும் நான்.